ஆன்லைன் கடை நிறுவும்போது டேட்டாபேஸ் மல்லுக்கட்டினால்: குமரி மாவட்டக் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு சின்னக் கடைகளுக்கு ஆன்லைன் கடை போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. மார்த்தாண்டம் தேன், நேந்திரம் சிப்ஸ், கன்னியாகுமரி சங்குப் பொருட்கள், வடசேரி கோயில் நகை என்று எதை விற்கிறவரானாலும் சரி, முதலில் தாமாகவே மென்பொருளை ஏற்றிப் பார்ப்பார்கள். பாதியில் சிவப்பு எழுத்து வந்ததும் போன் வரும். கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். மென்பொருள் பெயர்களையும் கமாண்டுகளையும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்.

இன்ஸ்டால் பாதியில் நின்றுவிட்டது. முதலில் எதைப் பார்க்க?

முதலில் முழுத் திரையையும் ஒரு போட்டோ எடுங்கள். "என்னமோ டேட்டாபேஸ்னு வருது" என்று போனில் சொன்னால் எனக்கும் ஒன்றும் புரியாது. அந்த நீளமான வாசகத்துக்குள் ஒரு நாலு இலக்க எண் ஒளிந்திருக்கும்: 1071, 1273, 2054 இப்படி. பாதி வைத்தியம் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

அடுத்து மூன்று வெர்ஷன்களை ஒரு தாளில் எழுதுங்கள்: கடை மென்பொருள், அது எழுதப்பட்ட மொழியான பிஎச்பி, பொருள் ஆர்டர் விவரங்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ். டேட்டாபேஸைத் திறந்து பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினின் முதல் பக்கத்தில், வலப்புறப் பெட்டிகளில் பின் இரண்டும் இருக்கும். ஆனால் அங்கே காட்டும் பிஎச்பியை அப்படியே நம்பாதீர்கள். பல ஹோஸ்டிங்குகளில் (கடையை வாடகைக்கு வைக்கும் சர்வர்களில்) பிஎச்பிமைஅட்மின் ஒரு பிஎச்பியிலும் உங்கள் கடை வேறொரு பிஎச்பியிலும் ஓடும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் மல்டிபிஎச்பி மேனேஜர் என்ற இடத்தில் உங்கள் டொமைனுக்கு எதிரே உள்ளதுதான் சரியான எண்.

நான் பார்த்தவரை பத்தில் எட்டுத் தகராறு இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் வருவது. நட்டும் போல்ட்டும் ஒரே அளவாகத் தெரிந்தாலும் மரை வேறென்றால் ஏறாது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் அப்போதைக்கு நிற்கும், மரை போய்விடும். மென்பொருளின் உள் கோப்புகளைத் திருத்தி எரரை வாயடைப்பதும் அப்படித்தான். கூடியவரை வெர்ஷனை மாற்றுங்கள், கோப்பைத் தொடாதீர்கள்.

என் கம்ப்யூட்டரில் ஸாம்ப் போட்டிருக்கிறேன். அதில் மைஎஸ்க்யூஎல் என்றுதானே இருக்கிறது?

ஸாம்ப் என்பது சொந்தக் கம்ப்யூட்டரிலேயே கடையை ஓட்டிப் பார்க்க உதவும் தொகுப்பு. அதன் பொத்தானில் எழுதியிருப்பது மைஎஸ்க்யூஎல்தான். உள்ளே ஓடுவது மரியாடிபி. 2015 முதல் ஸாம்ப் இப்படித்தான் வருகிறது. கன்ட்ரோல் பேனலில் பழைய பெயரை மாற்றாமல் விட்டுவிட்டார்கள், அதனால் குழம்பாதவர் குறைவு.

இரண்டும் டேட்டாபேஸ் மென்பொருள்கள், ஒரு தாய் மக்கள்தான். மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தன் மூத்த மகள் 'மை' பெயரை முதலாவதற்கு வைத்தார். அது ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போகிற நிலை வந்தபோது 2009-இல் தனியாகப் பிரித்துக் கொண்டுபோய், இளைய மகள் மரியா பெயரை வைத்தார். ஆரம்பத்தில் ஒன்றின் இடத்தில் மற்றதைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். இப்போது பாகம் பிரிந்து வெகுதூரம் போய்விட்டார்கள், அவனுக்கு உள்ளது இவனுக்கு இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. 11-ஆம் வரிசைக்கு முந்தைய மரியாடிபி, தன் வெர்ஷனை வெளியே சொல்லும்போது முன்னால் '5.5.5' என்று ஒரு ஒட்டு சேர்த்துச் சொல்லும். பழைய புரோகிராம்களோடு ஒத்துப்போவதற்காக வைத்த ஏற்பாடு. நீங்கள் 10.4 வைத்திருந்தாலும், இன்ஸ்டாலர் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "உன் டேட்டாபேஸ் 5.5.5, ரொம்பப் பழசு" என்று கதவைச் சாத்தும். பிஎச்பி 8.0.16-இலிருந்து இந்த ஒட்டை அதுவே நீக்கிவிடுகிறது. ஆகவே டேட்டாபேஸைத் தொடாமல் பிஎச்பியை மட்டும் புதுப்பித்தாலே இந்த எரர் போய்விடும்.

1273: "தெரியாத கொலேஷன்" என்கிறது. கொலேஷன் என்றால் என்ன?

எழுத்துகளை எப்படி ஒப்பிடுவது, எப்படி வரிசைப்படுத்துவது என்ற விதிமுறைக்குப் பெயர் கொலேஷன். உங்கள் எரரில் பெரும்பாலும் யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ என்று இருக்கும். 0900 என்பது யூனிகோட் ஒப்பீட்டு விதிகளின் 9.0 பதிப்பு. ஏஐ என்றால் எழுத்தின் மேல் வரும் உச்சரிப்புக் குறிகளைப் பொருட்படுத்தாதே, சிஐ என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்து சின்ன எழுத்தைப் பொருட்படுத்தாதே.

மைஎஸ்க்யூஎல் 8.0 வந்தபோது இதைத்தான் இயல்பான கொலேஷனாக வைத்தார்கள். 5.7-க்கு இது தெரியாது, ஸாம்ப்பில் உள்ள மரியாடிபிக்கும் தெரியாது. ஆகவே 8.0 உள்ள சர்வரில் எடுத்த பேக்கப்பை வீட்டில் ஏற்றினால் முதல் டேபிளிலேயே நின்றுவிடும்.

தீர்வு எளிது. பேக்கப் கோப்பின் நகலை நோட்பேட்++ போன்ற எடிட்டரில் திறந்து, அந்தப் பெயர் வரும் எல்லா இடத்திலும் யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ என்று மாற்றிச் சேமியுங்கள். கவனம் இரண்டு விஷயத்தில். விண்டோஸின் பழைய நோட்பேடில் செய்யாதீர்கள்; 'ஆன்சி' என்ற முறையில் சேமித்துவிட்டால் தமிழ் மொத்தமும் கேள்விக்குறியாகிவிடும். யூடிஎஃப்-8 என்று சேமிக்கும்போதும் 'பாம் இல்லாமல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாம் என்பது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உட்காரும் மூன்று பைட். அது இருந்தால் சில சமயம் முதல் வரியிலேயே 1064 (கமாண்டு எழுதிய விதம் தப்பு என்னும் எரர்) வரும், நீங்கள் அந்த வரியை எத்தனை தடவை படித்தாலும் தப்பு கண்ணில் படாது. நான் ஒரு முழு மத்தியானத்தை இதில் தொலைத்திருக்கிறேன்.

1071: "கீ மிக நீளம், அதிகபட்சம் 767 பைட்" என்கிறது. நான் நீளமாக எதுவும் எழுதவில்லையே?

நீங்கள் எழுதியதைச் சொல்லவில்லை. எழுதக்கூடிய அதிகபட்சத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கிறது.

யூடிஎஃப்8எம்பி4 முறையில் ஒரு எழுத்துக்கு 4 பைட் வரை இடம் ஒதுக்க வேண்டும். மென்பொருள் 255 எழுத்து உள்ள ஒரு ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட வைக்கும் பட்டியல், எரரில் வரும் 'கீ' இதுதான்) கேட்டால் 255 × 4 = 1020 பைட். பழைய இன்னோடிபி வகை டேபிள்களில் வரம்பு 767, ஆகவே மறுத்துவிடும். முன்பு 3 பைட் முறை இருந்தபோது 255 × 3 = 765, வரம்புக்குள் மயிரிழையில் நின்றது. 4 பைட்டுக்கு மாறியதும்தான் வெளியே வந்தது. வேர்ட்பிரஸ் கோப்புகளில் 191 என்ற விசித்திரமான எண்ணைப் பார்த்திருந்தால் அதன் கதையும் இதுதான்: 191 × 4 = 764.

சரியான தீர்வு மைஎஸ்க்யூஎல் 5.7.9 அல்லது மரியாடிபி 10.2.2-க்கு மேல் போவது. அங்கே 'டைனமிக்' என்ற டேபிள் அமைப்பு தானாகவே வரும், வரம்பு 3072 பைட். போன பிறகும் எரர் வந்தால் டேபிள் வகை மைஐசாம் என்று இருக்கிறதா பாருங்கள். அதன் வரம்பு 1000 தான், 1020 அங்கேயும் ஏறாது. இன்னோடிபி என்று மாற்றிவிடுங்கள்.

பொருட்களின் பெயர் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது. தமிழ் போனது போனதுதானா?

இதை எரர் என்று எந்தத் திரையும் சொல்லாது, அதுதான் ஆபத்து. இன்ஸ்டால் வெற்றி என்று பச்சை விளக்கு எரியும். கடையைத் திறந்தால் 'மட்டிப்பழம்' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசை கேள்விக்குறி.

என்ன தெரிகிறது என்று உற்றுப் பாருங்கள். வெறும் கேள்விக்குறி மட்டும் என்றால் பெரும்பாலும் போனது போனதுதான். மைஎஸ்க்யூஎல் 5.7 வரை இயல்பாக வரும் எழுத்துமுறை 'லேட்டின்1'. அதில் தமிழுக்கு இடமே இல்லை. தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு மூடிவிடும், அசல் எங்கும் மிச்சமிருக்காது. பேக்கப் இருந்தால் அதிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் மறுபடி தட்டுங்கள். தேன் விற்கும் ஒருவருக்கு இப்படி ஆனபோது அவரும் மகளும் பில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பெயர்களைத் தட்டினார்கள்.

ஆனால் தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட டிரேட்மார்க் முத்திரையும் மாறி மாறி வந்தால் சந்தோஷப்படுங்கள். தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வாசிப்பதுதான் தப்பு. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். அதை லேட்டின்1 கண்ணாடி வழியே பார்த்தால் அந்தக் கோடு போட்ட 'ஏ' ஆகத் தெரியும். இதை மீட்க, அந்த ஃபீல்டை முதலில் 'பிளாப்' வகைக்கு (எழுத்தென்று பாராமல் பைட்டுகளை அப்படியே வைப்பது) மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு மாற்றுங்கள். நேராக மாற்றினால் இன்னொரு முறை குழம்பும், ஆகவே நடுவில் பிளாப் அவசியம். நகலில் செய்து பார்த்துவிட்டு அசலில் கை வையுங்கள்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 'கன்னியாகுமரி' நமக்கு ஏழு எழுத்து. டேட்டாபேஸுக்கு அது பன்னிரண்டு. க, ன, புள்ளி, ன, இகரக் குறி என்று மெய்யையும் குறியையும் தனித்தனியாக எண்ணும். பைட் கணக்கில் 36. ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து 32 எழுத்து என்று போட்ட ஃபீல்டில் நம் ஊர் முகவரிகள் முட்டி நிற்பது இதனால்தான்.

தமிழ் நன்றாக வருகிறதே, 3 பைட் யூடிஎஃப்8 போதாதா?

தமிழுக்குப் போதும். களியக்காவிளைப் பக்கம் தமிழ், மலையாளம் இரண்டிலும் பெயர் போடுகிறவர்களுக்கும் போதும், மலையாளமும் 3 பைட்தான். போதாமல் போவது வாடிக்கையாளருக்கு. தோவாளைப் பூ விற்கும் கடை ஒன்றில் ஆர்டர் குறிப்பில் யாரோ ஒரு ரோஜா எமோஜி போட்டார். எமோஜிக்கு 4 பைட் வேண்டும். 1366 எரர் வந்து ஆர்டர் பதிவாகவில்லை. பழைய தளர்ந்த அமைப்பாக இருந்தால் இன்னும் மோசம்: எமோஜியும் அதற்குப் பின்னால் எழுதிய டெலிவரி நேரமும் சத்தமில்லாமல் வெட்டுப்படும். புதிதாகப் போடும்போதே யூடிஎஃப்8எம்பி4 போட்டுவிடுங்கள்.

வீட்டில் ஓடியது, ஹோஸ்டிங்கில் 1067, 1364 என்று வருகிறது. ஏன்?

வீட்டில் டேட்டாபேஸ் தளர்ந்திருக்கிறது, ஹோஸ்டிங்கில் கறாராக இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் 5.7 முதல் 'ஸ்ட்ரிக்ட்' மோட் இயல்பாகவே வரும். பழைய கடை மென்பொருட்கள் தேதி தெரியாத இடத்தில் நாலு பூஜ்யம், இரண்டு பூஜ்யம், இரண்டு பூஜ்யம் என்று ஒரு தேதியை வைத்திருப்பார்கள். அப்படி ஒரு நாள் காலண்டரில் இல்லை என்று சொல்வதுதான் 1067. ஒரு ஃபீல்டுக்கு மதிப்பும் தராமல் இயல்பு மதிப்பும் வைக்காமல் விட்டால் 1364.

டேட்டாபேஸ் சொல்வது நியாயம், தப்பு மென்பொருளுடையது. புதிய வெர்ஷன் இருந்தால் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் டேட்டாபேஸோடு இணைந்த உடனே அந்த இணைப்புக்கு மட்டும் எஸ்க்யூஎல் மோட் என்ற இந்தக் கறார் அமைப்பைத் தளர்த்தும் ஒரு வரி சேர்க்கலாம். அது ஒட்டுப்போடுவதுதான் என்பது நினைவிருக்கட்டும்.

2054 வந்தால்?

பாஸ்வேர்டு தப்பில்லை. மைஎஸ்க்யூஎல் 8.0 பாஸ்வேர்டைச் சரிபார்க்கப் புது முறை ஒன்றைக் கொண்டுவந்தது, பழைய பிஎச்பிக்கு அந்த மொழி புரியாது. பிஎச்பியை 7.4-க்கு மேல் ஏற்றுங்கள், முடிந்தது. யூசரைப் பழைய முறைக்கு மாற்றச் சொல்லி நிறைய இடத்தில் எழுதியிருப்பார்கள். 8.4-இல் அந்தப் பழைய முறை இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது, 9.0-இல் எடுத்தே விட்டார்கள். போகாத ஊருக்கு ஏன் வழி?

பழைய சிடியில் ஒரு கடை மென்பொருள் இருக்கிறது. அதை ஏற்றலாமா?

வேண்டாம். காரணம் கேட்பீர்கள், சொல்கிறேன். பிஎச்பி 7.0-இல் பழைய மைஎஸ்க்யூஎல் இணைப்பு முறையையே நீக்கிவிட்டார்கள், ஆகவே "மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் என்று ஒன்று இல்லை" என்று வரும். அதைத் தாண்டினாலும் அதன் டேபிள் கோப்பில் 'டைப்' சமம் மைஐசாம் என்றிருக்கும். மைஎஸ்க்யூஎல் 5.5 முதல் அந்த இடத்தில் 'என்ஜின்' என்றுதான் எழுத வேண்டும், ஆகவே 1064. அதையும் தாண்டினால் 'ரேங்க்', 'குரூப்ஸ்', 'சிஸ்டம்' மாதிரி சொற்களை 8.0 தனக்கென்று ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. டேபிளுக்கோ ஃபீல்டுக்கோ அந்தப் பெயர் இருந்தால் மறுபடி 1064. ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு. ஆனால் இத்தனை மருந்து போட்டுப் பிழைக்க வைத்த மென்பொருளில் வாடிக்கையாளரின் முகவரியையும் பணத்தையும் நம்பி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மஜென்டோ "இந்த ஆர்டிபிஎம்எஸ் வெர்ஷனுக்கு ஆதரவில்லை" என்கிறது.

மஜென்டோ ஒரு பெரிய கடை மென்பொருள், ஆர்டிபிஎம்எஸ் என்று அது சொல்வது டேட்டாபேஸை. அதன் 2.4 வெர்ஷன் தனக்குப் பிடித்த வெர்ஷன்களின் பட்டியலை ஒரு கோப்பில் வைத்திருக்கிறது. அதில் இல்லாததைக் கண்டால் நின்றுவிடும், எதை ஏற்கும் என்பதையும் அதே எரரில் சொல்லிவிடும். அந்தக் கோப்பில் உங்கள் எண்ணைச் சேர்த்துவிட்டால் ஓடும் என்று சொல்வார்கள். ஓடும்தான். அடுத்த அப்டேட்டில் திருத்தம் அழியும், கடை மறுபடி நிற்கும், அது பெரும்பாலும் ஓணம் விற்பனை நேரமாக இருக்கும்.

சூப்பர் அனுமதி இல்லை என்று 1419 வந்தால் டிரிகர் (டேபிளில் மாற்றம் வந்ததும் தானாக ஓடும் கமாண்டு) உருவாக்கும் இடத்தில் மாட்டியிருக்கிறது. சர்வரில் லாக்_பின்_டிரஸ்ட்_ஃபங்ஷன்_கிரியேட்டர்ஸ் என்பதை 1 ஆக்க வேண்டும். அதற்கு சர்வர் உங்கள் கையில் இருக்க வேண்டும், பலர் பகிர்ந்துகொள்ளும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் முடியாது. போதாக்குறைக்கு 2.4-க்குத் தேடலுக்கென்று தனி மென்பொருளும் கட்டாயம். இருபது வகைச் சிப்ஸும் நாலு வகை ஊறுகாயும் விற்க இது எதற்கு? வூகாமர்ஸோ ஓப்பன்கார்ட்டோ போதும்.

பேக்கப்பை ஏற்றும்போது முதல் வரியிலேயே எரர். கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. 2024 மே மாதத்திலிருந்து வந்த மரியாடிபி வெர்ஷன்களில் பேக்கப் எடுத்தால், முதல் வரியில் ஆறு ஒன்பதுகளோடு 'சேண்ட்பாக்ஸ் மோட்' என்று ஒரு குறிப்பு சேரும். பழைய மரியாடிபிக்கும் மைஎஸ்க்யூஎல்லுக்கும் அது புரியாது. அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

நடுவில் 1227 என்று வந்தால் 'டிஃபைனர்' என்ற சொல்லைத் தேடுங்கள். பழைய சர்வரின் யூசர் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டை நீக்கினால் சரியாகும்.

1045, 1049, 2002?

இவை பொருத்தப் பிரச்சினை இல்லை. 1045 யூசர் பெயர் அல்லது பாஸ்வேர்டு. 1049 அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை. சிபேனல் உங்கள் கணக்குப் பெயரை முன்னால் ஒட்டியிருக்கும், அதையும் சேர்த்து எழுதுங்கள். 2002 என்றால் டேட்டாபேஸ் சர்வரோடு இணையவே முடியவில்லை. ஸாம்ப் என்றால் ஸ்டார்ட் அழுத்தினீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மழைக்காலத்தில் கரண்டு போய் வந்த பிறகு வரும் போன்களில் பாதி இதற்குத்தான்.

ஹோஸ்டிங்காரரிடம் என்னவென்று எழுதிக் கேட்பது?

"சைட் ஓடவில்லை, சரிசெய்யவும்" என்று எழுதினால் "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக உள்ளது" என்றுதான் பதில் வரும். கேள்வியைச் சின்னதாக, ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே பதில் சொல்ல முடிகிற மாதிரி எழுதுங்கள். நான் எழுதும் மாதிரி இது:

"என் டொமைனில் பிஎச்பி 7.2, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 5.6. நிறுவும்போது 1071 வருகிறது, திரையின் போட்டோ இணைத்துள்ளேன். என் கணக்கை மைஎஸ்க்யூஎல் 8.0 அல்லது மரியாடிபி 10.6 உள்ள சர்வருக்கு மாற்றித் தர முடியுமா? மாற்றும் முன் முழு பேக்கப் எடுத்துத் தருவீர்களா? கடை எவ்வளவு நேரம் நிற்கும்?"

முடியாது என்று பதில் வந்தால் அடுத்த புதுப்பிப்புத் தொகையை அங்கே கட்டாதீர்கள்.